ஒரு காது கேட்டால் போதாதா?



ஞாயிறு பள்ளிக்கு வரும் ஒரு சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். வயது எட்டு. ஆசிரியை எதிரே நின்று கேள்வி கேட்டால் சுறுசுறுப்பாகப் பதில் சொல்லுவான். பக்கத்தில் நின்று பேசினால் சில நேரம் கேட்பான், சில நேரம் கேளாதவன்போல் இருப்பான். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு பக்கம் திரும்பி விழிப்பான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். "கவனம் இல்லை", "பிடிவாதக்காரன்", "வேண்டுமென்றே செய்கிறான்" என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். பள்ளிக்கூடத்திலும் இதே புகார்தான். வீட்டில் அடியும் விழும்.

ஒரு நாள் வெளியூரிலிருந்து அத்தை தொலைபேசியில் அழைக்கிறாள். அம்மா போனை அவனுடைய இடது காதில் வைக்கிறாள். "ஒன்றுமே கேட்கவில்லையே அம்மா" என்கிறான். வலது காதுக்கு மாற்றியதும் கலகலவென்று பேசுகிறான். அப்போதுதான் வீட்டாருக்கு உண்மை புரிகிறது. அவனுக்கு இடது காது கேட்கவே இல்லை. எப்போதிலிருந்து என்று அவனுக்கும் தெரியாது. எல்லாருக்கும் இப்படித்தான் கேட்கும் என்றே அவன் நினைத்திருந்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கும் உண்டு. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒரு குழந்தை ஒரு காது கேளாமல் பிறக்கிறது. பிறந்தபின் நோயினாலும் விபத்தினாலும் ஒரு காதை இழக்கிறவர்கள் இன்னும் பலர். ஆயினும், "இன்னொரு காதுதான் நன்றாகக் கேட்கிறதே, அது போதாதா?" என்று கேட்டு, அதோடு விட்டுவிடுகிறோம். அது ஏன் போதாது என்பதையும், நாம் செய்யக்கூடியது என்ன என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

இரண்டு காதுகள் எதற்கு?

ஒரு காது கெட்டால் மற்றது உதவட்டும் என்பதற்காக மாத்திரம் நமக்கு இரண்டு காதுகள் இல்லை. இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை ஒன்று உண்டு. அதை ஒரு காது தனியே செய்ய முடியாது.

உங்கள் வலது பக்கத்தில் ஒருவர் கைதட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓசை முதலில் வலது காதை அடைகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதை அடையச் சற்றுத் தாமதம் ஆகிறது. அந்தத் தாமதம் எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட இல்லை. முக்கால் பங்குக்கும் குறைவு. இந்தச் சின்ன வித்தியாசத்தை மூளை கணக்கிட்டு, ஓசை எந்தத் திசையிலிருந்து வந்தது என்று உடனே அறிந்துகொள்கிறது. நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட நல்ல செவிகள் உணரும்.

இன்னொரு குறிப்பும் மூளைக்குக் கிடைக்கிறது. தலை ஒரு சுவர் போல நின்று, மறுபக்கக் காதுக்குச் செல்லும் ஓசையை மங்கச் செய்கிறது. வெயிலில் நின்றால் நமக்குப் பின்னால் நிழல் விழுவது போல, ஓசைக்கும் தலையின் நிழல் உண்டு. கனத்த ஓசைகள் தலையைச் சுற்றி வந்துவிடும். கீச்சென்ற மெல்லிய ஓசைகளோ அந்த நிழலில் அடங்கிப்போகும். ஆகவே கனத்த ஓசையின் திசையை நேர வித்தியாசத்தாலும், கீச்சொலியின் திசையைப் பலத்தின் வித்தியாசத்தாலும் அறிகிறோம். இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானி ராலே பிரபு 1907ஆம் ஆண்டிலேயே இதை விளக்கினார்.

இழப்பது எவை?

ஒரு காது போனால் கேள்வியில் பாதி போய்விடுகிறது என்று நினைப்பது சரியல்ல. அமைதியான அறையில் எதிரே இருப்பவரோடு பேசும்போது குறை தெரியவே தெரியாது. மூன்று இடங்களில்தான் அது வெளிப்படும்.

முதலாவது, திசை தெரியாமற்போகிறது. ஹாரன் சத்தம் கேட்கும். பேருந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாது. வீட்டில் போன் மணி அடிக்கும். எந்த அறையில் என்று தெரியாது. சாலையைக் கடக்கும் பிள்ளைக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட காரியம்.

இரண்டாவது, கேளாத பக்கத்திலிருந்து பேசுகிறவரின் சொல் அரைகுறையாக வந்து சேருகிறது. தலையின் நிழலில் முதலில் மறைவது மெய்யெழுத்துகளின் மெல்லிய ஓசையே. "பட்டு", "தட்டு", "கட்டு" என்ற மூன்று சொற்களைச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தின் சிறு ஓசை ஒன்றுதான் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. அது மங்கினால், சத்தம் கேட்கும், சொல் புரியாது.

மூன்றாவது, இரைச்சலுள்ள இடத்தில் பேச்சைப் பிரித்தெடுக்க முடிவதில்லை. இரண்டு காதுகள் உள்ளவர் பலர் பேசும் கூட்டத்திலும் தனக்கு வேண்டியவரின் குரலைத் தனியே பிடித்துக்கொள்வார். ஒற்றைக் காதுக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் வந்து விழும். கல்யாண மண்டபம், சந்தை, மின்விசிறி ஓடும் வகுப்பறை, ஒலிபெருக்கி எதிரொலிக்கும் ஆலயம் ஆகியவை இவர்களுக்குக் கஷ்டமான இடங்கள். நாள் முழுதும் உற்றுக் கேட்டுக் கேட்டு மாலையில் களைத்துப்போவார்கள். களைப்பின் காரணத்தை அவர்களே அறிவதில்லை.

இதைச் சற்று உணர்ந்துபார்க்க விரும்பினால், கூட்டமான இடத்தில் ஒரு காதை விரலால் இறுக அடைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருந்து பாருங்கள். விரல் ஓசையை முழுவதும் தடுக்காது. ஆனாலும் விஷயம் விளங்கும்.

படிப்பில் உண்டாகும் நஷ்டம்

ஒரு காது கேட்டால் பேச்சும் படிப்பும் தானாக வந்துவிடும் என்றுதான் மருத்துவர்களும் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஸ், தார்ப் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஒரு காது கேளாத 60 பிள்ளைகளைப்பற்றி எழுதினார்கள். அவர்களில் 35 சதவீதம் பேர் குறைந்தது ஒரு வகுப்பிலாவது தேறாமல் மறுபடியும் அதே வகுப்பில் படித்திருந்தார்கள். 2010ஆம் ஆண்டில் ஜூடித் லியூ என்ற மருத்துவர், இத்தகைய பிள்ளைகளை இரு காதும் கேட்கிற அவர்களுடைய சொந்தச் சகோதர சகோதரிகளோடு ஒப்பிட்டார். வீடும் பெற்றோரும் ஒன்றே; ஆனாலும் ஒரு காது கேளாத பிள்ளைகள் மொழித்திறனில் பின்தங்கியிருந்தார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் பின்தங்குவதில்லை. நன்றாகப் படித்து உயர்ந்தவர்களும் அநேகர். ஆனால் எந்தப் பிள்ளை சிரமப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவேதான் எல்லாப் பிள்ளைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கணக்கில் வராத குறை

இக்குறை கண்ணுக்குத் தெரியாது. சட்டத்தின் கணக்கிலும் வருவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் காது கேளாமையை இரு காதுகளையும் கொண்டே வரையறுக்கிறது. ஒரு காது நன்றாகக் கேட்டால், சலுகைகளுக்கு வேண்டிய 40 சதவீதத்தை எட்ட முடியாது. உலக சுகாதார நிறுவனமும் நல்ல காதின் அளவை வைத்தே கேள்விக் குறையைத் தரம் பிரித்து வந்தது. 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில்தான் ஒரு காது கேளாமையைத் தனி வகையாகச் சேர்த்துக்கொண்டது.

குடும்பங்களிலும் இது மறைக்கப்படுகிறது. பெண் பிள்ளையானால், வரன் தேடும்போது தடையாகிவிடும் என்று பயந்து வெளியே சொல்லாமல் விடுகிறார்கள். சொல்லாததினால், கேளாத பக்கத்திலிருந்து கூப்பிட்ட மாமியார், "மருமகளுக்கு மரியாதை தெரியவில்லை" என்று வருந்துகிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும் காரியம் மனஸ்தாபமாகிவிடுகிறது.

காரணங்கள் யாவை?

காதில் அழுக்கு அடைத்துக்கொள்ளுதல், செவிப்பறை கிழிதல், நடுக்காதில் நீர் தேங்குதல், நாட்பட்ட சீழ் ஆகியவற்றால் ஓசை உள்ளே போக வழியில்லாமல் கேள்வி குறையலாம். இவற்றில் பெரும்பாலானவை மருந்தினாலோ அறுவை சிகிச்சையினாலோ சரியாகக்கூடியவை. ஆனால் நாற்றமுள்ள சீழ் விடாமல் வடிந்தால் தாமதிக்கக்கூடாது. சிலவகைச் சீழ்நோய் எலும்பை அரித்து மூளை வரையிலும் செல்லக்கூடும். காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும், ஹேர்பின், கோழி இறகு முதலியவற்றால் குடைவதும் கேட்டையே விளைவிக்கும். பிள்ளையின் கன்னத்தில் அறைகிற கை காதின்மேல் பட்டால் செவிப்பறை கிழிந்துபோகலாம். இதைப் பெற்றோரும் ஆசிரியரும் மறக்கலாகாது.

உட்காதோ செவி நரம்போ பழுதுபடுவது இரண்டாவது வகை. பிறவிக் குறை, கர்ப்பத்தில் தாக்கும் சில வைரஸ் கிருமிகள், தலையில் பலத்த அடி, காதருகே வெடித்த பட்டாசு முதலியவை இதற்குக் காரணமாகலாம். இவற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டியது பொன்னுக்கு வீங்கி. இதைப் புட்டாளம்மை என்றும் அம்மைக்கட்டு என்றும் சொல்லுவார்கள். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வடிந்துவிடும் என்று நம் ஊர்களில் நம்பிக்கை உண்டு. வீக்கம் தானாகவே வடியக்கூடியதுதான். ஆனால் அரிதாகச் சில பிள்ளைகளுக்கு இக்கிருமி உட்காதைத் தாக்கி, பெரும்பாலும் ஒரு காதை முற்றிலும் செவிடாக்கிவிடுகிறது. அது திரும்ப வருவதில்லை. 2024ஆம் ஆண்டில் கேரளத்தில் இந்நோய் மிகுதியாகப் பரவிற்று. இதற்குத் தடுப்பூசி உண்டு. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் போடப்படுவது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் உரிய ஊசி. பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியைப்பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

காத்திருக்கக்கூடாத வேளை

இக்கட்டுரையில் ஒன்றை மாத்திரம் நினைவில் வைப்பதானால், இதை வையுங்கள். பெரியவர்களில் சிலருக்கு, நேற்றுவரை நன்றாயிருந்த ஒரு காது திடீரென்று கேளாமற்போகும். காலையில் எழும்போது காது அடைத்ததுபோல் இருக்கும். இரைச்சல் கேட்கும், தலை சுற்றலும் இருக்கலாம். சளிதான், அழுக்குதான் என்று நினைத்து வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள்.

மூன்று நாட்களுக்குள் இவ்விதம் ஒரு காது மந்தமானால், அதை மாரடைப்பைப் போல அவசரமாகக் கருதவேண்டும். அன்றைக்கே, அல்லது மறுநாளே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். நரம்புச் செவிடு என்று தெரிந்தால் ஸ்டீராய்டு மாத்திரையோ, செவிப்பறை வழியாகப் போடும் ஊசியோ கொடுப்பார்கள். முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால் பலன் கிடைக்க அதிக வாய்ப்பு உண்டு. நாள் கடக்கக் கடக்க அந்த வாய்ப்பு குறைந்துபோகும். சிலருக்குக் கேள்வி தானாகவே திரும்புவதுண்டு. அதை நம்பிக் காத்திருப்பது புத்தியல்ல.

ஒரு காது மாத்திரம் மெல்ல மெல்ல மந்தமாவதையும் அலட்சியம் செய்யக்கூடாது. அரிதாகச் செவி நரம்பையொட்டி ஒரு கட்டி வளர்வதுண்டு. அது புற்றுநோய் அல்ல, ஆனால் கவனிக்கவேண்டியது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

பரிசோதனை எவ்வாறு?

வீட்டிலேயே ஒரு முதற்சோதனை செய்யலாம். தொலைபேசியை ஒவ்வொரு காதிலும் மாற்றி மாற்றி வைத்து, இரண்டிலும் ஒன்றுபோல் கேட்கிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

மருத்துவர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பார். ஓசை கேளாத காதில் பலமாகத் தெரிந்தால் வழியில் அடைப்பு என்றும், நல்ல காதில் தெரிந்தால் நரம்பில் பழுது என்றும் ஊகிக்கலாம். ஜெர்மானியரான வெபர், ரின்னே ஆகியோரின் பெயரால் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் இவ்வகைச் சோதனைகள் இன்றும் பயன்படுகின்றன. பின்பு ஆடியோகிராம் எடுப்பார்கள். அப்போது நல்ல காதில் ஓர் இரைச்சலை வைப்பது வழக்கம். காரணம், கேளாத காதில் வைத்த பலத்த ஓசை மண்டையோட்டின் வழியே நல்ல காதுக்குப் போய்விடும். நோயாளியும் "கேட்கிறது" என்று சொல்லிவிடுவார். பேசத் தெரியாத பச்சைக் குழந்தைக்கும் பரிசோதனை உண்டு. தூங்கும் வேளையில் வலியின்றிச் செய்துவிடலாம். கதவை அறைந்தால் குழந்தை திடுக்கிடுகிறதே என்று திருப்தியடைய வேண்டாம். அது ஒரு காது கேட்கிறது என்பதை மாத்திரமே காட்டும்.

கருவிகள் உதவுமா?

ஓரளவு கேள்வி மீந்திருந்தால் சாதாரணக் காது கேட்கும் கருவியே உதவும். முற்றிலும் கேளாத காதுக்கு அதனால் பயனில்லை. அதற்கென்று 1965ஆம் ஆண்டில் கிராஸ் என்ற கருவி முறையை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார்கள். கேளாத காதில் ஒரு மைக்கை வைத்து, அங்கே வரும் ஓசையை நல்ல காதுக்கு அனுப்புவதே அதன் முறை. எலும்பின் வழியே ஓசையைக் கடத்தும் கருவிகளும் இதே வேலையைச் செய்கின்றன. இவற்றால் அந்தப் பக்கத்துப் பேச்சு தவறிப்போகாது. ஆனால் கேட்பது ஒரே காதுதான். ஆகவே திசை தெரியாது.

இரண்டாவது காதையே மீண்டும் வேலை செய்ய வைக்க முயல்வது காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை. ஒரு காது கேளாதவர்களுக்கு இதைப் பொருத்த அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2019ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது. செலவு மிகவும் அதிகம். செவி நரம்பு நன்றாக இருந்தால்தான் பயன்படும். எல்லாருக்கும் தேவைப்படுவதும் இல்லை.

செலவில்லாத உதவிகள்

ஆனால் ஒரு காசும் செலவில்லாத உதவிகள் சில உண்டு. அவற்றை நாமே செய்யலாம்.

வகுப்பில் பிள்ளையை முன்வரிசையில், நல்ல காது ஆசிரியரையும் மற்றப் பிள்ளைகளையும் நோக்கியிருக்கும்படி உட்காரவைக்க வேண்டும். இடது காது கேளாதவனுக்கு வகுப்பின் இடது ஓரமே ஏற்ற இடம். ஜன்னல் இரைச்சல் கேளாத காதின் பக்கம் இருக்கட்டும். ஞாயிறு பள்ளிக்கும், பாடகர் குழுவுக்கும், சாப்பாட்டுப் பந்திக்கும் இதே விதிதான்.

பேசத் தொடங்குமுன் பெயர் சொல்லி அழைத்து, முகம் பார்த்துப் பேசுங்கள். கத்த வேண்டியதில்லை, கத்தினால் திசை தெரிந்துவிடாது. "இங்கே வா" என்பதைவிட "வாசலில் நிற்கிறேன், வா" என்று சொல்லுங்கள்.

சாலையைக் கடக்கும்போது காதை நம்பாமல் இருபுறமும் கண்ணால் பார்த்துக் கடக்கப் பிள்ளைக்குப் பழக்குங்கள். தண்டவாளத்தின் ஓரமாய் நடக்கவே விடாதிருங்கள்.

நல்ல காதைக் கண்ணின் மணிபோல் காத்துக்கொள்ளுங்கள். பட்டாசு, பலத்த ஒலிபெருக்கி, காதில் மாட்டும் இயர்போனின் உரத்த பாட்டு ஆகியவற்றிலிருந்து விலக்குங்கள். எந்த நோய்க்காக மருத்துவரிடம் போனாலும், "இவனுக்கு ஒரு காதுதான் கேட்கும்" என்று சொல்லிவிடுங்கள். ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற சில ஊசி மருந்துகள் காதைக் கெடுக்கக்கூடியவை. ஆண்டுக்கு ஒருமுறையாவது கேள்வியைச் சோதித்துவாருங்கள். சில பிள்ளைகளுக்கு நல்ல காதும் பின்னால் மந்தமாவதுண்டு. கண்ணையும் சோதிக்கவேண்டும். காது விட்டதைக் கண்தான் பிடித்துக்கொடுக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, "எனக்கு இந்தக் காது கேட்காது, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கள்" என்று வெட்கமின்றிச் சொல்லப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். தன் வாயால் அதைச் சொல்லத் தெரிந்த பிள்ளை எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளும்.

நாம் முதலில் பார்த்த சிறுவனுக்கு இழந்த காது திரும்பி வராமற்போகலாம். ஆனால் காரணமில்லாமல் அவன் வாங்கும் அடி நின்றுபோகும். ஞாயிறு பள்ளியில் ஆசிரியை அவனுடைய நாற்காலியை இடது ஓரத்துக்கு மாற்றிப் போடுவார். கேள்விகளுக்கு அவனும் கை தூக்குவான். வரும் ஞாயிறன்று உங்கள் பக்கத்திலும், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கலாம். கோபப்படுமுன் மறுபக்கம் போய் நின்று, மெதுவாக ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.